மஞ்சளுக்குச் சாட்சி யார்?

தோட்டக் காரியாலயத்தில் கணக்கெழுதிப் பிழைக்கும் நமக்கு நன்கு தெரிந்த உண்மையொன்றுண்டு. செக்ரோலில் பெயர் ஏறாதவன் அன்று வேலைக்கு வராதவனே. அவன் விடியற்காலையில் பிரட்டுக் களத்தில் நின்றதை நூறு பேர் கண்டிருக்கலாம். பால்மரம் வெட்டியதை மண்டோரும் பார்த்திருக்கலாம். ஆயினும் சம்பள நாளன்று பேசுவது காகிதமேயன்றிக் கண்களல்ல. பெயர் விடுபட்டவனுக்காக நாமே பலமுறை பழைய ஏடுகளைப் புரட்டியிருக்கின்றோம். ஏதேனும் ஒரு துண்டுச் சீட்டில் அவன் பெயரும் தேதியும் அகப்பட்டால் அவன் கூலி பிழைக்கும். அகப்படாவிட்டால் அவன் உழைப்பு உழைப்பன்று.

இந்த நியாயம் தோட்டத்து எல்லையோடு நின்றுவிடுவதன்று. உலகப் பெருநாடுகளின் காரியாலயங்களிலும் இதுவே நியாயம். நம் வீட்டு மஞ்சளும், கோயிலடி வேம்பும் ஒரு காலத்தில் அங்கே செக்ரோலில் பெயரில்லாத கூலிகளாய் நின்றன. அவற்றுக்காகச் சாட்சி தேடிய வரலாற்றையே இக்கட்டுரையிற் கூறப் புகுகின்றோம்.

காப்புரிமை என்னும் ஒப்பந்தம்

ஒருவன் புதிதாய் ஒரு பொருளையோ செய்முறையையோ கண்டுபிடித்தால், குறித்த காலம் வரையில் பிறர் அதனைச் செய்யாவண்ணம் தடுக்கும் உரிமையைச் சர்க்கார் அவனுக்கு அளிக்கின்றது. இதனைப் பேட்டன்ட் என்றும் காப்புரிமை என்றும் கூறுவர். இந்நாளில் பெரும்பாலான நாடுகளில் இதன் ஆயுள், விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. இவ்வுரிமைக்கு ஈடாக அவன் தன் இரகசியத்தை எழுத்தில் வெளியிடவேண்டும். ஊரார் அறியாத ஒன்றை அவன் ஊராருக்குச் சொல்கின்றான். ஊரார் சில காலம் அவனுக்கு வழிவிடுகின்றனர். கொடுக்கல் வாங்கல் நேர்மையாய் நடந்தால் இதிற் குறை கூற இடமில்லை.

ஆனால், ஊரார் முன்னமே அறிந்திருந்த ஒன்றை ஒருவன் தனதென்று எழுதி வாங்கிக்கொண்டால் என் செய்வது? அதற்கும் சட்டத்தில் வழியுண்டு. விண்ணப்ப நாளுக்கு முன்னரே அவ்வறிவு வெளியில் இருந்தது என்று காட்டினால், கொடுத்த உரிமையும் ரத்தாகும். அங்ஙனம் காட்டும் ஆதாரத்தை இக்கட்டுரையில் 'முன்சான்று' என்று வழங்குவோம்.

1474-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 19-ஆம் நாள் வெனிஸ் குடியரசு இயற்றிய சட்டம் இத்துறையில் மிகப் பழைய சட்டங்களுள் ஒன்று. தன் ஆட்சி எல்லைக்குள் அதுவரை செய்யப்படாத புதிய கருவியைச் செய்து காட்டுவோனுக்கு அது 10 ஆண்டு உரிமை அளித்தது. 1624-இல் இங்கிலாந்துப் பார்லிமெண்டு நிறைவேற்றிய ஏகபோகச் சட்டம், அரசர் தமக்கு வேண்டியவர்களுக்கு வாரி வழங்கிவந்த வியாபார ஏகபோகங்களைக் கண்டித்து, நாட்டிற்குள் புதிதாய்த் தோன்றும் தொழில்களுக்கு மட்டும் 14 ஆண்டு உரிமையை விட்டுவைத்தது.

இவ்விரண்டு சட்டங்களிலும் வாசக அன்பர்கள் கவனிக்க வேண்டியது 'எல்லைக்குள்' என்னும் கருத்தையாகும். வெளிநாட்டார் பலகாலம் பழகிய தொழிலை முதன்முதல் உள்நாட்டிற்குக் கொணர்ந்தவனும் அக்காலத்தில் புதுமை செய்தவனாகவே மதிக்கப்பட்டான். கடலுக்கப்பால் வாழ்ந்தோர் அறிந்திருந்தது கணக்கில் வரவில்லை. புதுமை என்றால் எவருக்குப் புதுமை? இக்கேள்வி அன்று எழவில்லை. ஐந்நூறு ஆண்டு கழித்து அதனை எழுப்பியது ஒரு சிட்டிகை மஞ்சள் தூள்.

மஞ்சள் வழக்கு

1995-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 28-ஆம் நாள் அமெரிக்கக் காப்புரிமைக் காரியாலயம், 5,401,504 என்னும் எண்ணுடைய உரிமையொன்றை மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்திற்கு அளித்தது. மஞ்சள் தூளை உட்கொள்ளச் செய்தோ மேலே இட்டோ புண்ணை ஆற்றும் முறை என்பதே அதன் சாரம். கண்டுபிடித்தோர் என்று குறிக்கப்பெற்ற இருவரும் இந்திய வம்சத்தினர். மஞ்சள் இந்தியாவில் நெடுங்காலமாய் மருந்தாக வழங்கிவருவதை அவர்களுடைய பத்திரமே ஒப்புக்கொண்டிருந்தது. அங்ஙனமிருந்தும் உரிமை கிடைத்தது யாங்ஙனம்?

காரணம் சட்டத்தில் இருந்தது. 1952-ஆம் ஆண்டு அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தின்படி, பிறர் அறிந்திருந்தனர், பிறர் பயன்படுத்தினர் என்பவை அந்நாட்டிற்குள் நடந்திருந்தாலன்றிச் சான்றாகா. பிற நாட்டுச் செய்தியாயின், அது அங்கே காப்புரிமை பெற்றதாகவோ, அச்சிட்ட வெளியீட்டில் விவரிக்கப்பட்டதாகவோ இருத்தல் வேண்டும். கோடிக்கணக்கான தாய்மார் தம் மக்களின் முழங்காற் புண்ணில் மஞ்சள் வைத்ததை ஊரெல்லாம் திரண்டு சத்தியம் செய்தாலும் அச்சட்டத்தின் செவியில் ஏறாது. பூச்சியரித்த பழம் பத்திரிகைத் தாள் ஒன்றிருந்தால் அது ஏறும்.

இதனை நன்குணர்ந்தது இந்திய அரசினரின் விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கழகம். அப்பொழுது அதன் தலைமை இயக்குநராயிருந்தவர் டாக்டர் ஆர். ஏ. மஷேல்கர். அமெரிக்கர் நம் மஞ்சளைத் திருடினர் என்று மேடையில் முழங்குவது எளிது. கழகத்தார் அதனோடு நில்லாது ஏடுகளைத் தேடப் புகுந்தனர். வடமொழியிலும் உருதுவிலும் இந்தியிலும் இருந்த நூல்களைத் துருவினர். அவற்றுட் சில நூறாண்டுக்கு மேற்பட்டவை. இந்திய வைத்தியச் சங்கத்தின் சஞ்சிகையில் 1953-ஆம் ஆண்டு வெளிவந்த கட்டுரையொன்றும் கிடைத்தது. இங்ஙனம் 32 ஆதாரங்களைத் திரட்டி, வேற்றுமொழியில் இருந்தவற்றை ஆங்கிலத்திற் பெயர்த்து, 1996-ஆம் ஆண்டு அக்டோபரில் அவ்வுரிமையை மறு பரிசீலனை செய்யுமாறு விண்ணப்பித்தனர். 1997-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்கக் காரியாலயம் அக்கோரிக்கைகள் அனைத்தையும் தள்ளியது. சொன்னதைச் சொன்னவன் எவன் என்று அது கேட்கவில்லை. அச்சில் வந்த நாள் எது என்றே கேட்டது. 32 தாள்களும் அந்நாளைச் சொல்லின.

வேம்பு வழக்கு

மஞ்சள் வழக்கு ஏட்டினால் வென்றதென்றால், வேம்பு வழக்கு நேரிற் கண்ட சாட்சியினால் வென்றது. 1994-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஐரோப்பியக் காப்புரிமைக் காரியாலயம், அமெரிக்க விவசாய இலாகாவிற்கும் டபிள்யூ. ஆர். கிரேஸ் என்னும் அமெரிக்கக் கம்பெனிக்கும் கூட்டாக உரிமையொன்றை வழங்கியது. வேப்பங்கொட்டையிலிருந்து கரைப்பான் கொண்டு பிரித்தெடுத்த எண்ணெயால், பயிரைப் பற்றும் பூஞ்சணத்தை அடக்கும் முறையைப் பற்றியது அது.

ஐரோப்பாவில் உரிமை வழங்கிய நாள்முதல் 9 மாதத்திற்குள் எவரும் ஆட்சேபம் தெரிவிக்கலாம். 1995-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், அத்தவணை தீருமுன், மூவர் கூட்டாக ஆட்சேபித்தனர். ஐரோப்பியப் பார்லிமெண்டின் பசுமைக் கட்சியினர் சார்பில் பெல்ஜியத்து மக்தா ஆல்வூத் அம்மையார். டாக்டர் வந்தனா சிவா நடத்தும் இந்திய ஆராய்ச்சி நிறுவனம். இயற்கை விவசாய இயக்கங்களின் உலகச் சம்மேளனம். ஒருவர் அரசியல்வாதி, ஒருவர் ஆராய்ச்சியாளர், ஒன்று உழவர் சம்மேளனம். தேசமும் தொழிலும் வேறாயினும் கூடி நின்றனர்.

ஐரோப்பிய உடன்படிக்கை 1973-இல் கையெழுத்தானது. அதில் அமெரிக்கச் சட்டத்தின் எல்லைக்கோடு இல்லை. எழுத்தாலோ, வாய்ச்சொல்லாலோ, உபயோகத்தாலோ, வேறெவ்வகையாலோ, விண்ணப்ப நாளுக்கு முன்னர்ப் பொதுமக்களுக்குக் கிட்டியிருந்த அனைத்தும், உலகின் எம்மூலையிற் கிட்டியிருப்பினும், முன்சான்றாகும். ஆகவே இந்தியக் குடியானவன் வயலிற் செய்ததும் கணக்கில் ஏறும். ஆயின் அதனை மெய்ப்பிக்க வேண்டும். எந்த வயல்? எந்த ஆண்டு? எந்த எண்ணெய்? எப்படிப் பிரித்தெடுத்தது? எவர் பார்த்தனர்? இவற்றுக்கெல்லாம் விடை வேண்டும்.

வேம்பு பாரதத்தில் தொன்றுதொட்டு மருந்தென்பதை எவரும் மறுக்கவில்லை. ஆனால் பாட்டி வேப்பிலையை அரைத்ததும், தாத்தா வேப்பம் பிண்ணாக்கை வயலில் இட்டதும் அப்பத்திரத்திற் சொன்ன முறை ஆகா. பத்திரம் கூறியது கரைப்பான் கொண்டு எடுத்த எண்ணெய், அதனாற் பூஞ்சணத்தை அடக்கும் செயல் ஆகிய இரண்டையும். சாட்சி அவ்விரண்டையும் தொடவேண்டும். இங்கேதான் ஆர்வலர் பலர் தடுக்கி விழுகின்றனர்.

புனே நகரத்துத் தொழிலதிபர் அபய் ஃபட்கே என்பவர் அத்தகைய சாட்சியாய் முன்வந்தார். வேப்பங்கொட்டையிற் பிரித்தெடுத்த எண்ணெயைக் கொண்டு 1985-ஆம் ஆண்டிலேயே புனே, சாங்லி மாவட்டங்களின் வயல்களில் சோதனை நடத்தியதை அவர் எடுத்துரைத்தார். எதிர்தரப்பாரின் உரிமைக்கு ஆதாரமான முதல் விண்ணப்பம் 1989-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தது. இடையில் 4 ஆண்டு. 2000-ஆம் ஆண்டு மே மாதம் மியூனிக் நகரில் இரு நாள் விசாரணை நடந்தது. அதன் முடிவில் உரிமை ரத்தாயிற்று. உரிமையாளர் மேல்முறையீடு செய்தனர். அதுவும் 2005-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 8-ஆம் நாள் தள்ளுபடியாயிற்று. வழங்கிய நாளிலிருந்து எண்ணினால் பத்தாண்டுக்கு மேல்!

விதையே சாட்சி

ஏடு சாட்சி சொன்னது. மனிதன் சாட்சி சொன்னான். விதை சாட்சி சொன்ன வழக்கும் ஒன்றுண்டு. அதற்கு நாம் இந்தியாவை விட்டு மெக்சிகோவிற்குச் செல்லவேண்டும். அந்நாட்டு ஏழை மக்களின் அன்றாட உணவுகளுள் ஒன்று மஞ்சள் நிறமுள்ள பீன்ஸ் பயறு. அமெரிக்காவின் கொலராடோ மாகாணத்து விதை வியாபாரி ஒருவர் 1994-இல் மெக்சிகோவில் ஒரு பை பயறு வாங்கி வந்தார். அதனை விதைத்து, மஞ்சள் நிறத்தவற்றைப் பொறுக்கி மறுபடி விதைத்து, 1996-இல் விண்ணப்பித்து, 1999-ஆம் ஆண்டு ஏப்ரலில் 'எனோலா' என்ற பெயரால் உரிமை பெற்றார். பின்னர், மெக்சிகோவிலிருந்து மஞ்சள் பயறு இறக்குமதி செய்வோர்மீது வழக்குத் தொடுத்தார். தலைமுறை தலைமுறையாய் அதனை விளைத்த மக்கள், தம் பயற்றை அமெரிக்காவில் விற்பதற்குத் தடையுண்டாயிற்று.

கொலம்பியாவிலுள்ள சர்வதேச வெப்பமண்டல விவசாய நிலையம் உலகத்துப் பீன்ஸ் விதைகளை நாட்டுவாரியாகச் சேர்த்து, குறிப்பெழுதிக் காத்துவரும் களஞ்சியம். அது 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் அவ்வுரிமையை எதிர்த்தது. 2004-ஆம் ஆண்டு வெளிவந்த மரபணு ஆராய்ச்சியொன்று, எனோலாவும் 'அசுஃப்ராதோ பெருவானோ 87' என்னும் மெக்சிகோப் பயறும் ஒன்றே என்று காட்டியது. உயிரியல் தொழில்நுட்பத்தைக் கொண்டு உரிமை கேட்பதும் உண்டு. அதே நுட்பத்தைக் கொண்டு பொய்யுரிமையை வெளிப்படுத்துவதும் உண்டு. 2009-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அமெரிக்க அப்பீல் நீதிமன்றம் உரிமை செல்லாதென்பதை உறுதிசெய்தது. ஆனால் அதற்குள் 10 ஆண்டு கடந்துவிட்டது. ஆயுள் 20 ஆண்டே உள்ள உரிமையில் பாதிக்காலம் அது நின்று பயன்கொண்டதென்றால், அத்தனை ஆண்டு நட்டத்தை உழவனுக்கு ஈடு செய்வார் யார்? ஆதாரம் முன்கூட்டியே பரிசோதகர் கையில் இருந்திருக்குமாயின் அவ்வுரிமை பிறந்தே இராது.

வதந்தியும் உண்மையும்

இவ்வழக்குகளைப் பற்றி நம்மவரிடையே உலவும் தவறான பேச்சுகள் இரண்டை நீக்குதல் நம் கடமை.

அமெரிக்கர் உரிமை நிலைத்திருந்தால் நாம் மஞ்சள் பூசுவதற்கும் வரி கட்டியிருப்போம் என்று கூறுவாருளர். அஃது உண்மையன்று. ஒரு நாட்டுக் காப்புரிமை அந்நாட்டு எல்லைக்குள் மட்டுமே செல்லும். கோலாலம்பூரிலோ தஞ்சையிலோ மஞ்சள் பூசுவோரை மிசிசிப்பியார் தடுத்திருக்க முடியாது. அந்நாட்டில் அப்பொருளை விற்க விரும்பும் நம்மவருக்கே இடையூறு. நம்முடையதை நம்முடையதென்று சொல்ல இயலாமற் போகும் மானக்கேடும் உண்டு. நட்டம் இவ்வளவு, இதனை மிகைப்படுத்துவதால் நம் வழக்கு வலுப்பெறாது.

வழக்கில் வென்றமையால் நம் பழைய மருந்துகள் யாவும் பலிக்கும் என்று மெய்ப்பட்டுவிட்டது என்பது இரண்டாவது பேச்சு. அதுவும் உண்மையன்று. காரியாலயங்கள் ஆராய்ந்தது பழமையை, பலனையன்று. ஒரு மருந்து நோயைத் தீர்க்குமா என்பதை வைத்தியசாலையிற் சோதித்தே அறியவேண்டும். பழையதெல்லாம் நன்றென்று கொண்டாடுவதும், பழையதெல்லாம் பதரென்று தள்ளுவதும் ஒரே சோம்பலின் இரு முகங்கள். முதலில் எழுதி வைப்போம். பின்னர் சோதிப்போர் சோதிக்கட்டும்.

தமிழ் ஏடுகள் பேசத் தொடங்கின

மஞ்சளும் வேம்பும் கற்பித்த பாடத்தை இந்திய அரசினர் மறக்கவில்லை. ஒவ்வொரு வழக்குக்கும் புதிதாக ஏடு தேடி அலைவதினும், ஏடுகள் யாவற்றையும் முன்னரே ஒழுங்கு செய்து வைப்பது நன்றென்று, 2001-ஆம் ஆண்டில் மரபறிவு மின்னூலகத் திட்டத்தைத் தொடங்கினர். ஆயுர்வேதம், யுனானி, சித்தம் முதலிய முறைகளின் நூல்களிலுள்ள மருந்துகளைப் பிரித்து வகைப்படுத்தி, ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானியம், ஜப்பானியம் ஆகிய ஐந்து மொழிகளில் அமைத்தனர். 2009-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஐரோப்பியக் காரியாலயத்தின் பரிசோதகர்களுக்கு அது திறக்கப்பட்டது. அமெரிக்கக் காரியாலயத்தாருக்கும் அவ்வாண்டிலேயே வழி கிடைத்தது.

சித்த மருத்துவ நூல்கள் தமிழில் உள்ளவை. நம் முன்னோர் ஓலையிற் கீறிய செய்யுளின் பொருள், இன்று மியூனிக் நகரத்துப் பரிசோதகரின் மேசையில் ஜெர்மன் மொழியிற் சாட்சி சொல்கின்றது. தமிழின் பெருமை பேசுவோர் இதனைவிடப் பயனுள்ள பெருமை வேறெதனைக் கூற முடியும்?

பழைய எல்லைக்கோடும் மெல்ல அழிந்துவருகின்றது. 2011-இல் திருத்தப்பட்ட அமெரிக்கச் சட்டம் 2013-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 16-ஆம் நாள்முதல் பிற நாட்டு உபயோகத்தையும் முன்சான்றாக ஏற்கின்றது. 2024-ஆம் ஆண்டு மே மாதம் 24-ஆம் நாள் ஜெனீவாவில் உலக நாடுகள் ஓர் ஒப்பந்தத்தை ஏற்றன. மூலிகை, விதை முதலியவற்றின் மரபு வளத்தையோ, அதனைச் சார்ந்த மரபறிவையோ அடிப்படையாகக் கொண்டு உரிமை கேட்போர், அவை எங்கிருந்து வந்தன என்பதை வெளியிட வேண்டுமென்பது அதன் கருத்து. புதுமை எவருக்கு என்னும் கேள்விக்கு உலகம் இப்பொழுதுதான் விடை எழுதத் தொடங்கியிருக்கின்றது.

நாம் செய்யவேண்டுவது

சட்டம் கதவைத் திறந்தாலும் சாட்சி உள்ளே நடந்து செல்லவேண்டுமன்றோ? ஓலையில் ஏறியவை ஒருவாறு பிழைத்தன. ஓலையில் ஏறாதவை?

நம் தோட்டத்தில் லயத்துக் கோடி வீட்டில் மூதாட்டி ஒருவர் இருந்தார். அட்டை கடித்த புண்ணுக்கும், ஈரத்தில் நின்று விரலிடுக்கில் வந்த புண்ணுக்கும் ஓர் எண்ணெய் காய்ச்சிக் கொடுப்பார். வேப்பெண்ணெயும் மஞ்சளும் அதிலிருந்தன என்பது வாசனையால் எவர்க்கும் தெரியும். இந்நாட்டுக் காட்டுத் தழைகள் இரண்டும் அதிற் சேர்ந்தன. அவற்றை இங்கு வந்த பின்னர், மலாய்க்கார அண்டைவீட்டு அம்மாளிடம் கற்றதாக அவரே ஒருமுறை சொன்னார். நாம் அப்பொழுது பள்ளி மாணவர். ஆங்கிலப் பள்ளியிற் படித்த செருக்கினால் அதனைக் கேட்டு எழுதிவைக்கத் தோன்றவில்லை. பின்னர் புத்தி வந்து பேனாவோடு சென்றபோது அவர் மறைந்து இரண்டு திங்கள் ஆகியிருந்தது. மகளைக் கேட்டோம். "அம்மா ஒரு கைப்பிடி போடுவாங்க, தம்பி. என்ன தழைன்னு நான் பாக்கலயே" என்றார். அந்த எண்ணெய் புண்ணை ஆற்றியதோ இல்லையோ அறியோம். அதனைச் சோதிக்கவும் இனி வழியில்லை. நாளை எவரேனும் அதே தழைகளுக்கு உரிமை கேட்டால், நம் தோட்டத்தின் சார்பில் மறுத்துரைக்கவும் ஒரு தாள் இல்லை. இந்தத் தவறு நம்முடையதே. வேறெவர்மீதும் பழி சுமத்தற்கில்லை.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிபட்டு, நம்மவர் பட்டணங்களுக்குச் சிதறிவிட்டனர். முதியோரோடு அவர்தம் அறிவும் போகின்றது. ஆகவே ஒவ்வொரு குடும்பத்திலும் எழுதத் தெரிந்த ஒருவர் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கட்டும். தழையின் பெயரைத் தமிழிலும் மலாயிலும் எழுதுக. அளவை எழுதுக. 'கைப்பிடி' என்னாது நிறுத்து எழுதுக. சொன்னவர் பெயரையும், அவர் எங்குக் கற்றார் என்பதையும், எழுதிய நாளையும் குறிக்க. பிற இனத்தாரிடம் கற்றதாயின் அவர்க்குரிய நன்றியையும் எழுதுக. அவர்கள் மறைவாய்க் காத்துவருவதை அவர்தம் சம்மதமின்றி வெளியிடுதல் நாமும் செய்யத்தகாத திருட்டு.

நோட்டுப் புத்தகம் பெட்டிக்குள் உறங்கினால் அது முன்சான்றாகாது. பொதுமக்களுக்குக் கிட்டியதே முன்சான்று. ஆகையால் சங்கத்து ஆண்டு மலரிலோ, பத்திரிகையிலோ, சிறு நூலாகவோ அச்சிட்டு வெளியிடுக. மலேசியாவில் அச்சாகும் நூல்களைத் தேசிய நூலகத்திற் சேர்ப்பிக்கவேண்டுமென 1986-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகின்றது. திருமண மலருக்கும் திருவிழா மலருக்கும் ஆயிரம் ஆயிரமாய்ச் செலவிடும் நம் சங்கங்கள், அதில் நாலு பக்கத்தை முதியோர் அறிவுக்கு ஒதுக்கினால் குறைந்துபோகமாட்டா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள். வீட்டிலுள்ள பெரியவரின் அருகில் அமர்ந்து, நோட்டின் முதற் பக்கத்தில் முதலில் அன்றைய தேதியை எழுதுங்கள்.